பதினெட்டாவது வரி

இரவு இரண்டே கால்.
ஈச்சிலம்பற்றுக்காரிக்கு அம்புலன்ஸ் கிடைக்கவில்லை,
லேண்ட்மாஸ்டரில் கொண்டுவந்தார்கள்.
மரணக் காரணம் என்ற கோட்டில்
'இரத்தப்போக்கு' என எழுதினேன்.
பாதிப் பொய்.

ஆஸ்பத்திரிக் கேற்றடியில் மான்கள்
லஞ்ச்சீற் தின்கின்றன.
காவலாளி விரட்டுவதில்லை, பழகிவிட்டது.
எனக்கும் பழகப் பார்க்கிறது, ருஸ்னி.

'இன்டேர்ன் முடியட்டும்,
இடமாற்றப் பட்டியல் வருது, வாயை மூடு' என்கிறாய்.
எனக்கும் பயம்தான்.

ஆனாலும் ரவுண்ட்ஸ் முடிந்ததும்
உவர்மலைக்குப் போகிறேன்,
ஆளுநர் செயலகத்துக்கு.
ஸ்டெதஸ்கோப் விடுதியிலேயே கிடக்கட்டும்.
கையில் ஒரு கொப்பித்தாள்:
பதினேழு பெயர், வந்த நேரம், வந்த வாகனம்.
ஒன்றில் 'மீன் லொறி' என்றிருக்கிறது.

அடியில் ஒரு வரி விட்டிருக்கிறேன்
உன் கையெழுத்துக்கு.
காலியாய்க் கிடந்தால்
இன்னொரு பெயர் ஏறிவிடும்.