ஏரித்தீவுக்கு ஒரு படகு

துடுப்பைத் தண்ணீரில் வைக்கும் முன்பே
கேட்டுவிடுகிறார்கள் இலியூட்சாவிடம்:
"அந்த வலாக்கிய அரசன்
நிஜமாகவே ரத்தம் குடித்தானா?"

வெளிநாட்டவர் என்றால் ஆமாம் என்பாள்,
கூலிக்கு மேல் கொஞ்சம் தருவார்கள்.
பள்ளிப் பிள்ளைகள் என்றால்,
சந்தைக் கிணற்றடியில்
தங்கக் கிண்ணம் வைத்தானாம்,
தாகமெடுத்தவர் எல்லாம் குடித்துவிட்டு
அங்கேயே வைத்துப் போனார்களாம்.
திருட ஆளில்லாமலா
திருடக் கையில்லாமலா,
எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

வரிபாக்கி நோட்டீஸோடு வரும் உள்ளூர்க்காரர்
கேள்வியே கேட்பதில்லை.
"அவன் மட்டும் இருந்திருந்தால் இந்த அதிகாரிகளை..."
என்று கரையோர நாணலைப் பார்க்கிறார்.
நாணலும் அப்படித்தான் நிற்கிறது
நெருக்கமாக, கூராக.

கழுமரக் காட்டின் நடுவே
அவன் விருந்துண்ணும் படம்
தீவுக் கடையில் எட்டு லெய்.
மலைக்கு அப்பால் ஒரு நகரத்தில்
அவனைக் கண்டேயிராத ஒருவன்
மரக்கட்டையில் செதுக்கியது.
அந்நகரத்து வணிகருக்கும் இவனுக்கும் சுங்கத் தகராறு.
அச்சுக்கு மையும் இருந்தது.
உலைக்குத்தான் மூடி.

பலிபீடத்தின் முன்
அந்தக் கல்லைப் பெயர்த்தபோது கிடைத்தது
குதிரைத் தாடை என்கிறார்கள்.
ஞாயிறுதோறும் பாதிரியார்
அந்தக் குதிரைக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறார்.

திரும்பும்போது படகு லேசாகிவிடும்.
கழுவேறியவர்களில்
ஒரு பெயராவது தெரியுமா என்று
யாராவது கேட்டால் சொல்ல
முப்பது வருடமாக
ஒரு பதில் வைத்திருக்கிறாள்.
படகு உரிமத்தில்
இலியூட்சாவுக்கு அடுத்து
எழுதியிருக்கிறது அது.