ஐந்தாவது பூட்டு

ஹவுட்ஃபூர்டெ நகரின் உரிமைகள் மொத்தமும்
ஓர் ஆட்டின் முதுகளவுதான்.
கோமகன் கொடுத்த நாளில்
அதை நான்காய் மடித்து,
பச்சை மெழுகு முத்திரையைக் கந்தலில் பொதிந்து
ஓக் மரப் பெட்டியில் இட்டு
மணிக்கூண்டில் ஏற்றினார்கள்.
நெய்வோர், மது வடிப்போர், இறைச்சிக்காரர்,
தோல் பதனிடுவோர், கம்பளி மிதிப்போர்:
பெட்டிக்கு ஐந்து பூட்டு.
ஒருவரை ஒருவர் நம்பாமல்
ஒன்றாய் வாழ்வதற்குப் பெயர்
நகர மன்றம்.

பனி இறுகிய பிப்ரவரியில்
பாலத்தின் குறுக்கே சங்கிலி கட்டினான்
புதிய சுங்கக்காரன் ரெய்னூட்.
துணிக்கட்டு ஒன்றுக்கு இரண்டு வெள்ளி.
எங்களுக்கு விலக்கு உண்டு, பட்டயம் இருக்கிறது என்றார்கள்.
காட்டு என்றான்.
தொண்ணூறு ஆண்டு நின்ற பேச்சு
அந்த ஒரு சொல்லில் சாய்ந்தது.

நான்கு திறவுகோல்கள் மூச்சிரைக்கப் படியேறின.
ஐந்தாவது, மாக்டெல்டின் இடுப்பில்.
அவள் கணவன் வௌட்டர்
அறுவடை முடிந்த வாரம் ஆலைமடையில் மூழ்கியவன்.
திறவுகோல் மட்டும் கரையில்,
கழற்றி வைத்த சட்டைக்குள் கிடந்தது.

வந்தாள்.
பன்னிரண்டு ஆண்டு தொட்டியில் நின்று
மூத்திரத்திலும் களிமண்ணிலும்
ஊர்த்துணியை மிதித்த கால்கள்.
பூட்டில் கை வைக்காமல் கேட்டாள்:
"இதற்குள் நான் இருக்கிறேனா?"

மது வடிப்பவர் சிரித்தார்.
கில்லிஸ் சிரிக்கவில்லை.
லத்தீன் தெரிந்தவன் அவன் ஒருவன்.
ஆண்டுக்கொரு முறை அவன் வாசிப்பான்;
தொப்பியைக் கழற்றி
மழையைக் கேட்பதுபோல் கேட்பார்கள்.
அந்த வரி அவனுக்கு மனப்பாடம்:
ஹவுட்ஃபூர்டெ ஹோமினிபுஸ்,
அவர்க்கும் அவர் வழியினர்க்கும்.
இதுவரை 'ஆண்கள்' என்றே
பெயர்த்துச் சொல்லி வந்தான்.
இப்போது, மடத்துப் பள்ளியின் பிரம்பு
முதுகில் மறுபடி விழுந்தது.
விர் என்றால் ஆண், மடையா.
ஹோமோ என்றால் மனிதப் பிறவி.

கொடுத்தவன் மனத்தில் யார் இருந்தார்களோ.
எழுதியவன் யோசித்தே இருக்கமாட்டான்,
பழகிய கை பழகிய சொல்லைப் போட்டிருக்கும்.
ஆனால் மனம் செத்துப்போயிற்று.
தோலில் இருப்பது சொல்.

"இருக்கிறாய்"
என்றான், கொஞ்சம் தாமதித்து.

துரு முனகத் திறந்தது பூட்டு.
ரெய்னூட் முத்திரையைத் தடவிப் பார்த்தான்,
எழுத்தின் பக்கமே போகவில்லை.
அவனுக்கும் படிக்கத் தெரியாது.
சங்கிலி இறங்கியது.
முதல் வண்டியில்
யாருடைய துணி போயிற்று என்று
யாரும் குறித்துவைக்கவில்லை.

மிதிப்போர் சங்கம் இரண்டு முறை ஆளனுப்பியது,
திறவுகோலைத் திருப்பித் தா என்று.
முதல் முறை கதவைத் திறக்கவில்லை.
இரண்டாம் முறை
எந்தப் பட்டயப்படி என்று கேட்டாள்.

அந்த ஆண்டுக் கணக்கேட்டில்
கில்லிஸின் பொடி எழுத்து.
நான்கு திறவுகோலுக்கு நேரே
நான்கு ஆண்பிள்ளைப் பெயர்கள்.
ஐந்தாவதற்கு நேரே
ஏதோ சுரண்டி அழித்த தடம்,
அதன்மேல்:
வைத்திருப்பவரிடம்.