எட்டுக்கு நாற்பத்திரண்டு

பினாங்கு ரோட்டுக் கண்ணாடிக்கடையில்
நான்கு தொலைநோக்கிகளைத் துணிமேல் பரப்பி
ஹமீதா கேட்டாள்:
"பறவைக்கா, கப்பலுக்கா, குதிரைப் பந்தயத்துக்கா?"
காட்டுப்பன்றிக்கு என்றேன்.
முகம் சுளிக்கவில்லை; வியாபாரி.
"எத்தனை மணிக்கு வரும்?"

எவ்வளவு தூரம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

ஏழே முக்கால்.
பாலிக் புலாவ் சரிவில் தியாம் ஹொக்கின் டுரியான் தோட்டம்.
வெயில் கடலில் இறங்கிய பிறகு
பழம் விழும் சத்தம் மட்டும் மிஞ்சும் நேரம்.
துப்பாக்கி அவனுடையது, உரிமமும் அவன் பெயரில்.
என் வேலை பார்ப்பது.
பார்த்துச் சொல்வது.

முதலாவது பன்னிரண்டு மடங்கு.
அஞ்சடியில் நின்று தூக்கிப் பார்த்தேன்.
எதிரே பொப்பியா விற்பவரின் மீசை
என் மூக்கில் வந்து உரசியது.
ஆனால் நிற்கவில்லை, நண்டு மாதிரி ஊர்ந்தது.
"அவர் ஆடலை அண்ணே, உங்க கை.
இது அவரையும் பெரிசாக்கும்,
உங்க நடுக்கத்தையும் பெரிசாக்கும்."

பிறை துறைமுகத்தில் இருபத்தோரு வருடம்
கிரேன் ஓட்டிய கை.
நடுங்காது என்றுதான் நானும் இருந்தேன்.

இரண்டாவது சட்டைப்பையில் அடங்கும்.
அதைத் தள்ளிப் பிடித்து
கண்வைக்கும் வில்லையில் மிதந்த ஒளிவட்டத்தைக் காட்டினாள்.
கடுகளவு.
மூன்றாவதில் கொண்டைக்கடலை;
தூக்கினால் கழுத்து முறியும் கனம்.
நான்காவதில், மிளகு.

"வயசு என்ன?"
ஐம்பத்தாறு.
"உங்க கண்மணி இனி இருட்டுல மிளகளவுதான் விரியும்.
கடலையளவு ஊத்தினா மிச்சம் வழிஞ்சிரும்.
வழியிறதுக்கு ஏன் காசு?"

அவளிடம் சொல்லாதது:
போன ஜூலை, பசார் மாலாமில் வாங்கிய
இருபது மடங்குப் பொம்மை என் கையில்.
வலைக்கு அடியில், கறுப்பாய், குனிந்து,
மண்ணை மோந்தபடி ஓர் உருவம்.
பன்றி, என்றேன்.
தியாம் ஹொக் என்னை நம்பினான்.
குழல் தோளுக்கு ஏறியது.
அப்போது
பன்றியின் இடுப்பில் கைப்பேசி அடித்தது.

ஏதோ வங்காளப் பாட்டு, இரண்டு வரி.
ரொஃபிகுல் நிமிர்ந்து, வாளியைக் கீழே வைத்துவிட்டு
ஊரிலிருந்து பேசிய யாரிடமோ
சிரித்துக்கொண்டிருந்தான்.
தியாம் ஹொக் தோட்டாவை வெளியே எடுத்தான்,
மூன்று முறை தவறவிட்டு.

"இருட்டட்டும், ஒருமுறை பார்க்கிறேன்" என்றேன்.
ஹமீதா கதவைப் பாதி இறக்கிவிட்டுக் காத்திருந்தாள்.
ஏழே முக்காலுக்கு, பக்கத்துச் சந்தில்
படிக்கட்டுக்குக் கீழே ஒரு குவியல்.
வெறுங்கண்ணுக்கு எதுவாகவும் இருக்கலாம்:
பன்றி, ஆள், தெய்வம்.
எட்டு மடங்கு. நாற்பத்திரண்டு வாய்.
சாக்கு.
சாக்கின் மேல் பூனை.
பூனையின் ஒரு காதில் வெட்டு.

எண்ணூற்று எழுபது வெள்ளி. பேரம் பேசவில்லை.

திரும்பும் வழியில், லோரிக்காரர்கள் சாமான் வாங்கும் கடையில்
ஒளி பட்டால் மின்னும் ஆரஞ்சு மேற்சட்டை தொங்கியது.
ஒன்று கொடுங்கள் என்றேன்.
"என்ன அளவு?"

ஒல்லியா, உயரமா,
தோள் அகலம் எவ்வளவு,
கழுத்தில் எழுபது வெள்ளி குறையாத கண்ணாடியோடு
நின்று யோசித்தேன்.
நான்கு வருடமாக அதே தோட்டம்.
அவனை நான்
பார்த்ததே இல்லை.