முந்நூற்று நாற்பத்தேழு

கேபிளின் கழுத்தைச் சற்றே தூக்கிவிட்டால்தான்
கணினிக்குக் கேமரா கண்ணில் படும்.
அதனால் அடியில் ஒரு தீப்பெட்டி.
அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
இன்னும் பதினேழு நிமிடம் என்றது,
பிறகு மூன்று மணி நேரம் என்றது,
டீ குடித்துவிட்டு வந்தால்
நாற்பது நொடி என்கிறது.
எங்கள் ஊர் மினிபஸ் கண்டக்டர்தான்
உள்ளே உட்கார்ந்திருக்கிறார் போல.

பர்கூருக்குப் பக்கத்தில் எருது விடும் விழா.
மூங்கில் தடுப்பின் மேல் ஒரு காலும்
பெயர் தெரியாத ஒருவர் தோளில் ஒரு கையுமாக
வெயில் உச்சிக்கு வரும்வரை எடுத்தவை.
குப்பத்துக் காளைக்கு மூக்கு மட்டும் விழுந்திருக்கிறது.
போச்சம்பள்ளிக் காளைக்கு வால் மட்டும்.
இரண்டையும் ஒட்டினால் ஒரு முழு மாடு தேறும்.
காளைக்காரர்கள் ஆளுக்கு நாலு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.
ஏத்திட்டியா? ஏத்திட்டியா?
மாட்டை லாரியில் ஏற்றுகிற அதே குரல்.

கேமராவின் முதுகில் எல்லாம் தபால்தலை அளவு.
பெரிய திரையில்தான் ஊர் தெரிகிறது:
மொட்டைமாடியில் பொரி தின்னும் பிள்ளைகள்,
தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிவிட்ட போலீஸ்காரர்,
ஒற்றைக் கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஒருவர்.
யாரென்று பார்க்கச் சக்கரத்தை உருட்டினேன்.
அப்படியே ஒவ்வொன்றாக.
இருநூறு சதவீதம். முந்நூறு.

முந்நூற்று நாற்பத்தேழு.
வெள்ளைக் காளை. நான்கு காலும் தரையில் இல்லை.
இதுவரை நான் எடுத்ததிலேயே சுத்தமான படம்.
அதன் வயிற்றுக்கும் மண்ணுக்கும் நடுவே கிடைத்த இடத்தில்
டிராக்டர் டயரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்
மாமா.
பெங்களூரில் பதினொன்றாவது மாடிக்கு
சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருக்கும் மாமா.
நேற்றுகூட கான்கிரீட் போட்டோம் என்று
அக்காவிடம் போனில் சொன்ன திம்மராயன்.
வலது கையில் முழங்கை தாண்டி மாவுக்கட்டு.
கட்டு புதிதில்லை. ஓரமெல்லாம் அழுக்கு.
பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உதிர்ந்தது,
சிறிதாக்கினால் சிரித்தது.

வெட்டலாம். காளையின் கால்களும் சேர்ந்து போகும்.
அந்த இடத்தை மட்டும் மங்கலாக்கலாம்.
மங்கல்தான் முதலில் கண்ணை இழுக்கும்.
அழிக்கலாம்.
நிச்சயமாகவா என்று கேட்டது.
இல்லை என்று அமுக்கினேன்.
'மற்றவை'க்குள் 'பழையவை' திறந்து
அதற்குள் 'செமஸ்டர் நோட்ஸ்' திறந்து
அங்கே கொண்டுபோய் மாமாவை உட்கார வைத்தேன்.
மிச்சம் அறுநூற்றுப் பதினொன்று.
ஏற்றினேன். லிங்க்கை எல்லோருக்கும் அனுப்பினேன்.
கட்டைவிரல்கள் வரத் தொடங்கின.
மூக்கு மட்டும் கிடைத்தவர்கூட
நம்ம பையன் கெத்து என்று எழுதியிருந்தார்.

அக்கா சிப்காட்டில், செருப்புக் கம்பெனியில்
ஜோடி எண்ணுகிறவள்.
பெட்டியில் ஒரு கால் குறைந்தாலும்
கையெழுத்துப் போடமாட்டாள்.
ஷிப்ட் முடிந்து பத்தரைக்குக் கூப்பிட்டாள்.

"நாப்பத்தாறுக்கு அப்புறம் நாப்பத்தெட்டு வருதே?"

"அது சரியா விழல, அழிச்சிட்டேன்."

"மூக்கு மட்டும் விழுந்ததையே போட்டிருக்க."

அவள் பக்கத்தில் கம்பெனி பஸ் கிளம்பும் சத்தம்.
அவள் ஏறினாளா, ஏறவில்லையா, தெரியவில்லை.

"நாப்பத்தாறுல மாட்டுக் காலுக்கு அந்தாண்ட
ஒரு ஜோடி செருப்பு தெரியுது.
ஸ்ட்ராப் தையல் கோணலாப் போன பீஸு.
நான்தான் வாங்கியாந்து குடுத்தேன்.
நாப்பத்தெட்டுல மாட்டு முதுகுக்கு மேல
வெள்ளையா ஒரு முழங்கை.
நடுவுல இருக்கறத அனுப்பு."

நான் பேசவில்லை. அவளும் திட்டவில்லை.
எத்தனை நாளாகத் தெரியும் என்று இருவருமே கேட்கவில்லை.
நோட்ஸுக்குள்ளிருந்து அவரை எடுத்து,
வெட்டாமல், மங்கலாக்காமல்,
காளையோடு சேர்த்தே அனுப்பினேன்.

ஒரு நொடி மீதி என்றது.
வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது.