பை இருக்கட்டும்

பர்காவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில்
எனக்கு வேலை குழாய்களின் உட்புறம்.
கொதித்த உப்பு அங்கே வெள்ளைப் பாறையாய் ஒட்டும்.
ஆசிட் விட்டு, அலசி, மறுபடி அலசி
டார்ச் அடித்துப் பார்ப்பேன்.
ஓட்டை விழுந்ததை மாற்றியிருக்கிறேன்.
படிவு ஏறியதென்று
பதினாறு வருடத்தில் ஒன்றையும்
வெட்டி எறிந்ததில்லை.

ஆகவே, டாக்டர் நஷ்வா,
இரவு ஷிஃப்ட்டில் பரோட்டா தின்ற கையோடு
வலது விலாவுக்கடியில்
யாரோ ஸ்பேனர் போட்டு முறுக்குகிற வலிக்கு
"பையோடு எடுத்துவிடலாம், சூசைமிக்கேல்.
வழக்கம் அதுதான்" என்று நீங்கள் சொன்னபோது
நான் கேட்டது குசும்பு இல்லை:
கோளாறு கல்லிலா, பையிலா?

சிரித்தீர்கள்.
பிறகு ஸ்கேனைப் பெரிதாக்கி
வெகுநேரம் பேசாமல் இருந்தீர்கள்.
சுவர் தடிக்கவில்லை. சுருங்குகிறது, விரிகிறது.
"செய்யலாம். ஆனால் திரும்ப வரலாம்.
கல் செய்யப் பழகிய பை இது.
உள்ளே போய்ப் பார்த்துக் கெட்டிருந்தால்
எடுத்துவிடுவேன், சம்மதமா?"
ஓட்டைக் குழாயை நானும் விடுவதில்லை.
கையெழுத்துப் போட்டேன்.

இன்ஷூரன்ஸ் மேசையில் ஷைனி
திரையைத் திருப்பிக் காட்டினாள்.
பையை எடுத்தால் முழுப்பணம்.
வைத்துக்கொண்டால்
அதற்கு ஒரு கட்டமே இல்லை, சேட்டா.

அறுநூற்று நாற்பது ரியால்.
ஊரில் மாடிக் கைப்பிடிச்சுவர்
இன்னொரு மழையைப் பொறுக்கட்டும்.

மூன்று துளை.
ஒன்றில் வெளிச்சம் போனதாம்.
பையில் ஒரு சின்னக் கீறல்,
கம்பிக் கூடை ஒன்று உள்ளே இறங்கி
ஒவ்வொன்றாய்க் கோரி வந்ததாம்.
பிறகு அலசல், பிறகு தையல்.
எல்லாம் கேட்டுத் தெரிந்ததுதான்.
கண்விழித்தபோது வயிறு வலிக்கவில்லை;
வயிற்றில் ஊதிய காற்று
தோளில் வந்து குத்தியது.

பிளாஸ்டிக் டப்பாவில் பதினொன்று.
பழுப்பில் பச்சை கலந்து, முனை மழுங்கி.
பார்க்க வந்த தில்பகதூர் குலுக்கிப் பார்த்து
"முத்து மாதிரி" என்றான்.
முத்துக் குளித்த கரையில் பிறந்தவன் நான்.
முத்தில்லை தம்பி, படிவு.

போனில் ஃபெலிக்ஸியா:
"பித்தத்தை எடுத்தாச்சா?"
கல்லைத்தான் எடுத்தார்கள். பித்தம் அப்படியே இருக்கிறது.
"அதான் பேச்சிலேயே தெரியுதே."
சிரித்தால் தையல் இழுத்தது.
சிரித்தேன்.

படுக்குமுன் இப்போது ஒரு மாத்திரை.
ஆலையில் கடலுக்கு நான் சொட்டுவிடும் மருந்தும்
அந்த வேலையைத்தான் செய்கிறது:
வராதே என்று சொல்வதில்லை,
மெல்ல வா என்கிறது.

ஆறு வாரம் கழித்து முதல் ஷிஃப்ட்.
மூன்றாம் அலகைத் திறந்து டார்ச் அடித்தேன்.
உள்ளே ஈரம் மினுங்கியது.
வலது கை தானாக விலாவுக்குப் போய்
அங்கேயே கொஞ்சம் நின்றது.
லாக் புத்தகத்தில் எழுதினேன்:
சுத்தம். குழாய் மாற்றவில்லை.
அடுத்த சோதனை ஏப்ரலில்.

எனக்கும் ஏப்ரலில்தான்.