கம்பி போட்ட தயிர்

கல்லடியில் குளிரூட்டிய மண்டபம்.
திரையில் எங்கோ ஒரு நாட்டின் எல்லைக் கடவை:
லொறிகள் நிற்காமலே
ஒரு வளைவுக்குள்ளால் போகின்றன.
எக்ஸ்ரே. எடைமேடை. பச்சைக் கோடு, சிவப்புக் கோடு.
ஆறு மணித்தியாலம் நாற்பது நிமிடமாய்க் குறைந்ததாம்.
கொழும்பிலிருந்து வந்தவர் சிரிக்கிறார்:
"எங்களுக்கென்ன, தீவு. தரை எல்லையே இல்லை.
ஒரு உதாரணத்துக்குத்தான் காட்டினேன்."

மொழிபெயர்க்கிற பிள்ளை
அதை ஒரு தடங்கலுமில்லாமல் தமிழில் சொல்லிற்று.
பின்வரிசையில்
கன்னன்குடாப் பால் சங்கத்து ஆக்கள் ஐந்து பேர்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
பூபாலப்பிள்ளை மட்டும் இருமினார்.

தரை எல்லை இல்லை.
சரி.
அப்ப வலையிறவில் இருந்தது என்ன?
வாவிக்கு மேலே ஒரு பாலம்,
இந்தப் பக்கம் மண்மூட்டை,
அந்தப் பக்கம் வேறு ஆட்களின் மண்மூட்டை,
இடையில் சூனியப் பிரதேசம் என்று பேர் வைத்த
கொஞ்சத் தூர வெயில்.
படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கு
பாஸ் இல்லாமல் போனவை
கொக்கும் நீர்க்காகமும்.

விடியப்புறம் நாலு மணிக்கு வரிசை.
நெல்லு மூட்டை ஒரு பக்கம், விறகு ஒரு பக்கம்,
தலையில் தயிர்ச் சட்டியோடு நாங்கள்.
போகும்போது தயிர். வரும்போது
ஒரு போத்தல் லாம்பெண்ணெய், அளந்து.
சீமெந்து இல்லை. யூரியா இல்லை.
டோர்ச் பற்றி இல்லவே இல்லை.
இரண்டு பற்றியைச் சேலைத் தலைப்பில் முடிந்து வந்த
வள்ளிநாச்சியை ஒரு பின்னேரம்
வரிசையிலிருந்து வெளியே எடுத்தார்கள்.
அன்றைய தயிர்க் காசை என்னிடம்தான் தந்திருந்தாள்.
இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

சோதனை என்றால் ஒரு கம்பி.
குடைக் கம்பியைவிடக் கொஞ்சம் மொத்தம்.
நெல்லுக்குள் இறங்கிய அதே கம்பி
தயிருக்குள்ளும் இறங்கும்.
ஓட்டை விழுந்த தயிர் தண்ணி விட்டுவிடும்.
அக்கரையில் காத்து நிற்கும் காத்தான்குடிக் கலந்தர்லெவ்வை
சட்டியை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்து
"கம்பி போட்டதா, போடாததா?" என்பார்.
போட்டது அரை விலை.
அவரையும் குற்றம் சொல்லேலாது.

மறுகா ஒரு மாரியில்
பதியத்தலாவைப் பக்கத்துப் பொடியன் ஒருவன் காவலுக்கு வந்தான்.
பேர் சட்டையில் எழுதியிருந்தது,
எங்களுக்கு அந்த எழுத்து தெரியாது.
எருமை கட்டிய வீட்டுப் பிள்ளையாக இருக்கவேண்டும்.
கம்பியை மண்மூட்டையில் சாய்த்து வைத்தான்.
விரல் மொளியால் சட்டியின் வயிற்றில்
இரண்டு தட்டு.
காதைக் கிட்டக் கொண்டுபோனான்.
உறைந்த தயிருக்கு ஒரு சத்தம்.
அடியில் ஏதும் புதைத்திருந்தால் வேறு சத்தம்.
அடுத்த சட்டி.

ஒரு முறை, ஒரே ஒரு முறை,
தட்டியவன் திரும்பவும் தட்டினான்.
கையை உள்ளே விட்டு
ஒரு பொலித்தீன் பொட்டலத்தைத் தூக்கினான்.
யாருடைய சட்டி என்று சொல்லமாட்டேன்.
ஆக, அவன் விளையாட்டுக்குத் தட்டவில்லை.

அந்த இரண்டரை மாதம்
ஏழு மணிக்கெல்லாம் தயிர் கடையில்.
பிறகு அவனை மாற்றினார்கள்.
கம்பி மண்மூட்டையிலிருந்து எழும்பியது.

"கேள்வி ஏதும் உண்டா?"
நான் எழும்பினேன்.
கேட்க நினைத்தது ஒன்று. வாயில் வந்தது:
"அந்த வளைவுக்குள்ளால் போனால் தயிர் உடையுமா?"
மண்டபம் சிரித்தது.
மொழிபெயர்த்த பிள்ளை சிரிக்கவில்லை.
அவரும் நல்ல மனிசன், யோசித்துத்தான் சொன்னார்:
"இல்லை அம்மா. உள்ளே இருப்பதைத்
தொடாமலே பார்க்கும்."

கொப்பியில் எழுதிக்கொண்டேன்.
தொடாமலே பார்க்கும்.
வாங்கத்தான் வேண்டும் அப்படியொன்று,
தீவென்றாலும்.

தேநீர் நேரம்
மூடி ஒட்டிய பிளாஸ்டிக் கிண்ணத்தில் தயிர் தந்தார்கள்,
எங்கள் சங்கத்துத் தயிர்தான்.
பூபாலப்பிள்ளை அதை
மொளியால் இரண்டு தட்டுத் தட்டி
காதில் வைத்துப் பார்த்தார்.