ஐந்து நொடித் தூக்கம்

லா ஷோ-த-ஃபோன். பிப்ரவரி. மைனஸ் ஒன்பது.
நகர நூலகத்தின் இணையதளத்தை
உடைத்துப் பார்க்கச் சொல்லி
நகராட்சி கையெழுத்திட்ட தாள் என் கோப்பில் இருக்கிறது.
அது இல்லாவிட்டால் நான் திருடி.

மூன்று கருவிகள். எதை வாங்கலாம் என்று
வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பக்கம் எழுதவேண்டும்.

விலை உயர்ந்தது முதலில் ஓடியது.
இருநூற்றுப் பதினான்கு ஓட்டை என்று
சிவப்பு சிவப்பாய்க் கொட்டியது.
ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தேன்.
சுவர். சுவர். சுவர்.
நிழலைக் கண்டு குரைக்கிற நாய்
வருடச் சந்தா கேட்கிறது.

அடுத்தது
நாற்பது நிமிடம் யோசித்து
'எல்லாம் நலம்' என்றது.

கடைசிக் கருவிக்கு முகப்பே இல்லை.
கறுப்புத் திரை, இலவசம்,
யாரோ தூக்கம் வராத இரவுகளில் எழுதியது.
அது கதவைத் தட்டவில்லை.
தேடல் பெட்டிக்குள் குனிந்து
தரவுத்தளத்தின் காதில் மட்டும் சொன்னது:
நான் சொல்வது உனக்குக் கேட்டால்
ஐந்து நொடி தூங்கு.

பக்கத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.
பிழைச் செய்தி இல்லை.
தாமதித்து வந்தது, அவ்வளவுதான்.
ஐந்து புள்ளி சுழியம் இரண்டு.
மறுபடி கேட்டேன்.
ஐந்து புள்ளி சுழியம் ஒன்று.
கடிகாரம் செய்து பிழைத்த ஊரில்
கைக்கடிகாரம் இல்லாதவள் நான்,
மணிக்கட்டைப் பிடித்து என் நாடியை எண்ணினேன்.

வாய் திறக்காதவர்கள்
பதிலுக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில்
பிடிபடுகிறார்கள்.

காலையில் காரணம் தெரிந்தது:
ஒற்றை மேற்கோள்.
ஏணி ஏறிய காற்புள்ளி.
கீழே நின்றால் மூச்சு வாங்கிக்கொள்ள ஓர் இடம்.
மேலே போனால் கள்ளச்சாவி.

கடன் மேசையில் இருந்தவரிடம் சொன்னேன்.
"அதுவா?" என்று நிமிர்ந்தார்.
"ஒன்பது வருஷமாய் என் பெயரை அது ஏற்றுக்கொண்டதே இல்லை.
'நன்றி' என்று சொல்லும், சேமிக்காது.
அந்தக் குறியை எடுத்துவிட்டு எழுதுவேன்.
இரண்டு கடிதம் போட்டேன், பழகிப்போச்சு."
சட்டையில் குத்திய அட்டை:
ஒதில் ல்'எப்லத்தனியே.

மத்தியானம் அட்டவணை வரைந்தேன்.
கருவி, விலை, எடுத்த நேரம், பிடித்தது.
மூன்று வரிசை முடிந்தபின்
நான்காவதாய் அவர் பெயரை இட்டேன்.
விலை: யாரும் கேட்கவில்லை.
நேரம்: ஒன்பது வருடம்.

எழுதி முடிப்பதற்குள்
பெயருக்கு அடியில்
சிவப்பாய் ஒரு நெளிகோடு போட்டது
என் கணினி.